தூரம் ஒரு நோயல்ல

கொரோனா போன்ற வைரஸ் தொற்று முற்றும்போது நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. மூச்சு உள்ளே போனாலும் ஆக்சிஜன் இரத்தத்தில் சேர்வதில்லை. பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரங்களில் வடிந்துவிடும். ஒரு சிலருக்கு வடியாமல் தழும்பேறுகிறது. பஞ்சுபோல் விரிந்து சுருங்கவேண்டிய நுரையீரல் காய்ந்த தோல்போல் இறுகிப்போகிறது. வைரஸ் உடம்பை விட்டுப் போய் மாதக்கணக்கானாலும் மூச்சு திரும்புவதில்லை. அந்தக் கட்டத்தில் வென்டிலேட்டரோ, இரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ கருவியோ நோயைக் குணமாக்காது. உயிரை இழுத்துப் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். மிச்சமிருப்பது ஒரே வழி: மூளைச்சாவு அடைந்த ஒருவரின் நுரையீரலைப் பொருத்துவது.

கொரோனா நோயாளிக்கு இது முதலில் செய்யப்பட்டது 2020 பிப்ரவரி இறுதியில், சீனாவின் வூசி நகரில். ஜூனில் சிகாகோவில் இருபதுகளில் இருந்த ஒரு பெண்ணுக்கு நடந்தது. ஆகஸ்ட் 27 அன்று சென்னை எம்.ஜி.எம். ஹெல்த்கேர் மருத்துவமனையில் டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு, வட இந்தியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவரப்பட்ட ஒருவருக்கு இரண்டு நுரையீரல்களையும் மாற்றியது. பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் கொரோனாவால் சென்னையில் எக்மோ சிகிச்சையில் இருந்த நாள்கள் அவை. எக்மோ என்ற சொல் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

இந்தச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர்களிடமும் படித்தவர்களிடமும் ஒரு கருத்து வேரூன்றிவிட்டது. அதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஏழைகள்மேல் அக்கறை உள்ளவர்களே பலர். அவர்கள் சொல்வது இது. தானமாகக் கிடைக்கும் நுரையீரல் மிகவும் அரிது. வருடக்கணக்கில் காத்திருப்பவர்களை விட்டுவிட்டுத் திடீரென்று வந்த கொரோனா நோயாளிக்குக் கொடுப்பது நியாயமில்லை. கொடுத்தாலும் நீண்ட ஆயுள் கிடைப்பதில்லை. முகக்கவசம் போடாமலும் தடுப்பூசியை மறுத்தும் அலைந்து நோயை வாங்கிக்கொண்டவர்களுக்கு அப்படி ஒரு முன்னுரிமை தேவையா? சென்னையில் இருக்கும் வசதியானவருக்குச் சரி, இராமேஸ்வரத்திலோ தொண்டியிலோ இருக்கும் மீனவக் குடும்பத்தால் ஆயுள் முழுக்க மருந்தும் பரிசோதனையுமாக இதைக் காப்பாற்ற முடியாது, உறுப்பு வீணாகிவிடும். அந்தப் பணத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களைச் சீராக்கலாம். ஆகவே, நடக்காத ஒன்றை ஏழைக் குடும்பத்திடம் சொல்லி ஆசை காட்டாமல் இருப்பதே மருத்துவ அறம்.

இந்தக் கருத்தில் ஆறு கண்ணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தாங்குவதில்லை.

1. வரிசையில் முன்னால் நின்றவர் என்பதற்காக மட்டும் நுரையீரல் கொடுக்கப்படுகிறதா? ரேஷன் கடை வரிசையைப் போல உறுப்புப் பட்டியலை நினைப்பதால் வரும் பிழை இது. காத்திருந்த நாள்கள் ஒரு கணக்கு. எவ்வளவு அவசரம், பொருத்தினால் எவ்வளவு பலன், இரத்த வகையும் மார்புக்கூட்டின் அளவும் பொருந்துமா என்பவை மற்றக் கணக்குகள். தழும்பேறிய நுரையீரலுக்கு அந்தத் தழும்பு புகையால் வந்ததா, தூசியால் வந்ததா, வைரஸால் வந்ததா என்று தெரியாது. மூச்சு நின்றுபோவது ஒன்றே. கொரோனா நோயாளிகள் பட்டியலை விழுங்கிவிடுவார்கள் என்ற அச்சமும் உண்மையாகவில்லை. அமெரிக்காவில் 2020 ஆகஸ்ட் முதல் 2021 செப்டம்பர் வரை கொரோனாவுக்காகச் செய்யப்பட்ட நுரையீரல் மாற்றுகள் 214. அந்தக் காலத்தில் நடந்த மொத்தத்தில் 7 சதவீதம்.

அரிது என்ற வாதத்திலும் ஒரு பாதிதான் இயற்கை. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளில் முதலில் கெடுவது நுரையீரல். வென்டிலேட்டரைச் சரியாக வைக்காவிட்டால், திரவத்தை அதிகம் ஏற்றிவிட்டால், தொற்றைக் கவனிக்காவிட்டால் சில மணி நேரத்தில் போய்விடும். மாவட்ட மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு இரவு முழுக்க அதைப் பேணத் தெரிந்திருந்தால் இன்னொரு ஜோடி நுரையீரல் பட்டியலுக்கு வரும். இருப்பதை யாருக்குப் பங்கிடுவது என்று சண்டை போடுகிறவர்கள், இழக்கப்படுவதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

2. பலன் குறைவு என்பது எந்தக் கணக்கு? மேலே சொன்ன 214 பேரில் மூன்று மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 95.6 சதவீதம். சிகாகோ நார்த்வெஸ்டர்ன் மருத்துவமனை 2022இல் வெளியிட்ட ஆய்வில், கொரோனாவால் நுரையீரல் செயலிழந்து மாற்று செய்துகொண்ட 30 பேரும் ஆய்வு முடியும்வரை உயிருடன் இருந்தார்கள். இந்த எண்களை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் கூடாது. தேர்ந்த மையங்கள், தேர்ந்தெடுத்த நோயாளிகள். எங்கும் இதே விளைவு வரும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. பொதுவாக நுரையீரல் மாற்று செய்துகொண்டவர்களில் பாதிப்பேர் ஆறு ஆண்டுக்குச் சற்று மேல் வாழ்கிறார்கள். சிறுநீரகம், கல்லீரலோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் ஒப்பிடவேண்டியது சிறுநீரகத்தோடு அல்ல. எக்மோ குழாயை எடுத்தால் அன்றே இறந்துபோகிறவருக்கு ஆறு ஆண்டு கிடைக்கிறது. ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் காலம் அது.

தேர்வு செய்வதற்கு விதிகளும் உண்டு. டொரொன்டோ மருத்துவர்கள் சைபெலும் கேஷவ்ஜியும் 2020இலேயே அவற்றை எழுதிவைத்தார்கள். நுரையீரல் தானாக ஆறுமா என்று குறைந்தது நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுத்துப் பார்க்கவேண்டும். ஸ்கேனில் மீள முடியாத சேதம் தெரியவேண்டும். மற்ற உறுப்புகள் நன்றாக இருக்கவேண்டும். வயது பொதுவாக 65க்குள். முடிந்தால் நோயாளி விழித்திருந்து தானே சம்மதிக்கவேண்டும். இந்த விதிகளில் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியோ, என்ன தொழில் என்ற கேள்வியோ இல்லை.

3. நோயைத் தேடிப்போய் வாங்கியவர்கள் என்ற பழி கடற்கரையில் நிற்கவே நிற்காது. இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியது 2021 ஜனவரி 16. அதற்கு முன் நுரையீரல் இழந்தவர்களுக்குத் தடுப்பூசி மறுத்தவர் என்ற பெயரை எப்படிச் சூட்டுவது? இரண்டாம் அலை தமிழ்நாட்டில் உச்சத்துக்குப் போனது 2021 மே மாதம். ஒரே நாளில் 36,000க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. அது கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நின்றன. அப்போது தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் யார் யாரிடமிருந்து விலகி இருப்பது?

குடித்துக் கெடுத்த கல்லீரலுக்கும் மாற்று உண்டு. தலைக்கவசம் போடாமல் விழுந்தவருக்கும் மூளை அறுவை உண்டு. ஒழுக்கச் சான்றிதழ் கேட்பது நுரையீரலுக்கு மட்டும் ஏன்? இந்தக் கடற்கரை இப்படிப் பார்க்கப்படுவது புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தடுத்துவைத்துப் பரிசோதித்த மண்டபம் முகாம் இங்கேதான் இருக்கிறது. இவர் என்ன நோயைக் கொண்டுபோவார் என்பதுதான் அங்கே மருத்துவம் கேட்ட கேள்வி. இவருக்கு என்ன தேவை என்று கேட்பதற்காக அந்த முகாம் கட்டப்படவில்லை.

4. ஏழையால் காப்பாற்ற முடியாது என்பதுதான் ஆறில் வலுவான கண்ணி. இதற்குப் பதில் சொல்லாமல் மற்றவற்றை அறுத்துப் பயனில்லை.

முதலில் அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும். காலை ஒன்பது மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை. நேரம் தவறினால் இரத்தத்தில் அதன் அளவு ஆடும். தினமும் காலையில் கையடக்கமான ஊதுகருவியில் முழு மூச்சையும் ஊதி, வரும் எண்ணை நோட்டில் எழுதவேண்டும். வழக்கமான எண்ணிலிருந்து பத்து சதவீதம் இறங்கினால் அன்றே மருத்துவரைக் கூப்பிடவேண்டும். உடம்பு புது நுரையீரலை எதிர்க்கத் தொடங்கியிருக்கலாம். மருந்தின் அளவைப் பார்க்க அடிக்கடி இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் கூடாது. எதிர்ப்பு சக்தியைக் குறைத்து வைத்திருப்பதால் மற்றவருக்குச் சாதாரணமான பூஞ்சையும் இவரைக் கொல்லலாம்.

பாம்பன், மண்டபம் பக்கத்தில் கடற்பாசி எடுக்கும் பெண் ஒருவரை இங்கே நினைத்துப் பார்க்கலாம். விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டி, வலைப்பையோடு இறங்குகிறார். சிலிண்டர் கிடையாது, அடக்கிய மூச்சே கருவி. பாறையில் கை கிழிந்தாலும் உப்புத் தண்ணீரிலேயே வேலை தொடரும். மாற்று செய்த பிறகு இந்தத் தொழிலுக்கு அவர் திரும்ப முடியாது. கருவாடு காயப்போடும் களத்திலும் நிற்கக்கூடாது. இதை மறைக்காமல் சொல்லவேண்டும். எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மை இருக்கும் இடம் இது.

ஆனால் அந்த உண்மையிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு. தொழிலை இழப்பார் என்பது மாற்றுத் தொழிலும் உதவித்தொகையும் தரவேண்டியதற்குக் காரணம். மூச்சை மறுப்பதற்குக் காரணம் ஆகாது. மாத்திரை விழுங்கவும், ஊதவும், நோட்டில் எண் எழுதவும் அவருக்குத் தெரியாது என்று யார் சோதித்துப் பார்த்தார்கள்? நீரோட்டத்தையும் காற்றின் திசையையும் நாள்தோறும் கணக்கு வைத்து, அமாவாசை பௌர்ணமி பார்த்து இறங்குகிற பெண்ணுக்கு இரண்டு வேளை மாத்திரை கணக்குத் தப்பிவிடும் என்பது மருத்துவ முடிவு அல்ல. அது ஒரு முன்முடிவு.

இந்த முன்முடிவைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை பொய்யாக்கியிருக்கிறது, அதுவும் நுரையீரல் நோயிலேயே. 1950களில் காசநோய்க்கு வழி, சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு என்று உலகம் முழுக்க நம்பினார்கள். குடிசையில், நெரிசலில், அரைவயிற்றோடு வாழ்கிறவர்கள் ஒரு வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிடமாட்டார்கள், வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தால் மருந்தும் வீண், குடும்பமும் நோயாளியாகும் என்றார்கள். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து சிகிச்சை மையம், நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் இன்னொன்றை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே குணமடைந்தார்கள், வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்தச் சென்னைச் சேரி வீடுகள் ஒரு முக்கிய காரணம். அங்கே மருந்து வீட்டைத் தேடிப் போனது, மாத்திரை எண்ணப்பட்டது, வராதவரைத் தேடி ஆள் போனார். ஏழையின் ஒழுங்கு என்பதில் பாதி, அவரைத் தேடி வருகிறவரின் ஒழுங்கு. எச்.ஐ.வி. கூட்டு மருந்தும் பின்னாளில் இதே வழியில்தான் மாவட்டங்களுக்குப் போனது.

மிச்சமிருப்பது தூரம். இராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் ஓர் இரவு முழுக்க. எடுத்த நுரையீரல் வெளியே தாக்குப்பிடிப்பது ஆறிலிருந்து எட்டு மணி நேரம். ஆகவே பட்டியலில் இருப்பவர் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்து மாதக்கணக்கில் இருக்கவேண்டும். பொருத்திய பிறகும் முதல் ஆண்டின் பெரும்பகுதி அடிக்கடி வந்துபோகவேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கும்வரை இராமேஸ்வரம் தீவுக்கு ரயிலே கிடையாது. மூச்சு வாங்குகிற ஒருவர் பேருந்தில் சாலைப் பாலத்தைக் கடந்து வந்து ரயில் ஏறவேண்டியிருந்தது. இவையெல்லாம் உண்மையான தடைகள். ஆனால் எந்த ஸ்கேனிலும் தெரியாத தடைகள். வட இந்தியாவிலிருந்து ஒருவரை விமானத்தில் கொண்டுவந்து சென்னையில் மாற்று செய்ய முடிந்தபோது, அதே மாநிலத்தின் தெற்குக் கரை தொலைவு என்று சொல்வதற்கு வரைபடத்தில் ஆதாரம் இல்லை. வேறுபாடு விமானக் கட்டணத்தில் இருக்கிறது. 2022 ஜனவரியில் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஊதுகருவியின் எண்ணை வாங்கிப் பார்க்கவும், இரத்தம் எடுத்து மருந்தளவைச் சோதிக்கவும், மார்பு எக்ஸ்ரே எடுத்துச் சென்னைக்கு அனுப்பவும் அது போதும். சென்னையில் அரசு செலவில் பத்து அறை, மாவட்டத்தில் பொறுப்பான ஒரு செவிலியர்: தகுதியின்மை என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி இவ்வளவில் கரைந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. தானமாக வரும் உறுப்புகளில் பெரும்பங்கு சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர்களுடையவை. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவன் பெற்றோர் எடுத்த முடிவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் உறுப்பு தானம் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. 2023 செப்டம்பரிலிருந்து கொடையாளரின் உடலுக்கு அரசு மரியாதை. எந்தக் கிராமமானாலும் அரசு அங்கே போகிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு உறுப்பு பறப்பதற்குப் போக்குவரத்தை நிறுத்தி வழி விடுகிறார்கள். கொடுக்கும்போது தடையாகாத தூரம் பெறும்போது மட்டும் எப்படித் தடையாகிறது? தென் மாவட்டத்து மகன் ஒருவரின் நுரையீரலை ஏற்றுக்கொள்ளும் பட்டியலில், தென் மாவட்டத்துக்காரர் ஒருவரின் பெயரை எழுதாமல் விடுவதற்கு அறம் என்று பெயரிடுவது வேதனையான விஷயம்.

5. அந்தப் பணத்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொடுக்கலாமே? கொடுக்கலாம், ஆனால் கொடுக்கப்படுவதில்லை. ஒரு மீனவருக்கு மாற்று மறுக்கப்பட்டதால் உச்சிப்புளியிலோ தேவிபட்டினத்திலோ ஒரு செவிலியர் கூடுதலாக நியமிக்கப்பட்டார் என்று யாரும் காட்ட முடியாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்குத் தனி நிதியம் இருக்கிறது. நுரையீரல் மாற்று பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில் நடப்பதால் காப்பீடு தருவதற்கும் அவர்கள் கேட்பதற்கும் நடுவே பெரிய பள்ளம் விழுகிறது. இந்தக் குறை உண்மை. அரசு மருத்துவமனையில் இதை வழக்கமான சிகிச்சையாக்கவேண்டும் என்பதே அதற்குப் பதில். சிறுநீரக மாற்றும் ஒரு காலத்தில் பணக்காரர் வைத்தியம் என்றுதான் சொல்லப்பட்டது.

6. சொல்லாமல் இருப்பது கருணையா? சொன்னால் படகை விற்பார்கள், நகையை அடகு வைப்பார்கள் என்கிறார்கள். சொல்லாதபோதும் அதைத்தான் செய்கிறார்கள். நுரையீரல் ஆறாது என்று மருத்துவருக்குத் தெரிந்த பிறகும், இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்ற வாக்கியத்தை நம்பி வென்டிலேட்டருக்கு நாள் வாடகை கட்டிக்கொண்டே இருப்பார்கள். உண்மை தெரிந்த குடும்பத்துக்கு மூன்று வழி இருக்கிறது: மாற்று மையத்துக்குப் பரிந்துரை கேட்பது, சிகிச்சையைத் தொடர்வது, நிறுத்தி வலியில்லாமல் விடைபெற வைப்பது. உண்மை தெரியாத குடும்பத்துக்கு ஒரு வழிகூட இல்லை. அவர்களுக்காக வேறொருவர் முடிவு செய்துவிட்டார், அது முடிவு என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

சொல்வதற்கும் நேரம் உண்டு. குழாய் போட்டு மயக்கிய பிறகு அண்ணனையும் மாமனாரையும் தாழ்வாரத்தில் கூப்பிட்டு ஐந்து நிமிடத்தில் சொல்வது சம்மதம் ஆகாது. மூன்றாம் வாரத்திலும் ஸ்கேன் மாறவில்லை என்றால், நோயாளி கண் திறந்து தலையாட்டும் நிலையில் இருக்கும்போதே அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசவேண்டும். நுரையீரல் ஆறவில்லை, மாற்றலாம், கிடைக்குமா என்று தெரியாது, கிடைத்தால் சில ஆண்டு, தினமும் மருந்து, கடலில் இறங்க முடியாது, முதல் ஆண்டு அடிக்கடி சென்னைக்கு வரவேண்டும், செலவில் காப்பீடு தருவது இவ்வளவு, தராதது இவ்வளவு. பிறகு அவரைக் கேட்கவேண்டும். வேண்டாம் என்று தலையாட்டினால் அதையும் கோப்பில் அவருடைய பதிலாக எழுதி, மூச்சுத் திணறல் தெரியாதபடி மருந்து கொடுத்து, ஊருக்குப் போகவேண்டும் என்றால் ஆக்சிஜனோடு ஆம்புலன்சில் பாலம் தாண்டி வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும்.